குடும்பப் புத்தகத்தில் லிண்டா

பெரியப்பாவைத் தான்தான் அழைத்ததாகவும் அது அப்பாவுக்குத் தெரியாது என்றும் கிளாரா சொன்னபோது, வசந்தமலர் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். மகன் ஷாந்தனுக்கும் கிளாராவுக்கும் கல்யாணம் நடக்க இன்னும் இரண்டே நாள். டெக்சஸில், ரவுண்ட் ராக் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வரப்போகிற அந்தப் பெரியப்பா ஃப்ரீட்ரிக், ஜெர்மனியில் ரோட்டன்ஆவ் டியூக் வம்சத்தின் தலைவர். ஆட்சி போய் நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு காடும் பழைய மாளிகையும் குடும்பச் சட்டமும்தான் மிச்சம். பிரபுக் குடும்பங்களுக்கு வெளியே கட்டினால் மனைவிக்கும் பிள்ளைக்கும் குடும்பப் புத்தகத்தில் இடமில்லை என்பது அந்தச் சட்டம். அவருடைய தம்பி, கிளாராவின் அப்பா கேயோர்க், இங்கே பல் வைத்தியரிடம் வேலை பார்த்த லிண்டாவைக் கட்டினார். அண்ணன் கல்யாணத்துக்கும் வரவில்லை, நான்கு வருடம் முன்பு லிண்டா இறந்தபோதும் வரவில்லை.

"அம்மா, அவரை ஹோட்டல்லயே மீட் பண்ணுவம். இஞ்ச வேண்டாம்," என்றான் ஷாந்தன்.

"சாப்பிடக் கூப்பிட்ட மனுசனை வராதையெண்டு சொல்லேலுமே? நீ கேயோர்க்குக்கு இப்பவே ஃபோன் பண்ணு. தெரிஞ்சு வரட்டும். ஒளிச்சு வச்சுக் கூப்பிடுறது மரியாதை இல்லை."

கேயோர்க் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு, வருகிறேன் என்றார்.

வந்தார். சகோதரர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள், வங்கியில் சந்தித்தவர்களைப் போல. இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது. ஃப்ரீட்ரிக் பையிலிருந்து தடித்த பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்து, புதிதாக அச்சான பக்கத்தைத் திறந்து தம்பி முன்னால் வைத்தார். கேயோர்க்கின் பெயருக்குக் கீழே கிளாரா, பக்கத்தில் ஷாந்தன் மகேந்திரராசா. கிளாராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கேயோர்க் விரலால் வரிகளைத் தடவினார். "லிண்டா எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குடும்ப சபை பிள்ளைகளுக்கு மட்டும்தான் சம்மதித்தது என்றார் ஃப்ரீட்ரிக், மேசையைப் பார்த்தபடி. கேயோர்க் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

வசந்தமலருக்குத் தன் கல்யாண அழைப்பிதழ் ஞாபகம் வந்தது. சாதி மாறிக் கட்டிய அண்ணனின் பெயரை அப்பா அதில் போடவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. எழுந்துபோய், ஃபிரிட்ஜ் மேலிருந்த பேனாவை எடுத்துவந்து ஃப்ரீட்ரிக்கின் தட்டருகே வைத்தாள்.

"ஷாந்தன், சொல்லு அவருக்கு. தலைவர் அவர்தானே? அவர் எழுதினால் ஆர் அழிக்கிறது?"

ஷாந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான். கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். லிண்டாவின் பிறந்த வீட்டுப் பெயரைத் தம்பியிடம் கேட்டார். கேயோர்க் நின்றுகொண்டே ஓரோர் எழுத்தாகச் சொல்ல, அவர் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார். சபை சத்தம் போடும் என்றார் பிறகு. போடட்டும் என்று கேயோர்க் உட்கார்ந்து, சொதியைத் தன் பக்கம் இழுத்தார்.

சாயங்காலம் வசந்தமலர் தேநீரோடு வெளியே வந்தபோது, கராஜ் வாசலில் கேயோர்க் ஏணிமேல் நின்று மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்திருந்த அண்ணன் இடது பக்கம் சரிகிறது என்று கையால் காட்டினார். தம்பி இல்லையென்று தலையாட்டினார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காத மொழியில் இருவரும் உரக்கச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.