மேமண்ணு தனி

பிரீசர் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. ஆட்கள் வரத் தொடங்கியதும் பெட்டியை உள்ளறையிலிருந்து முன்னறைக்கு நகர்த்தியிருந்தார்கள். அங்கே இருந்த ஒரே பிளக் பாயின்ட்டோ டி.வி.க்குப் பின்னால், எதிர்ச் சுவரில். கிறிஸ்டினா ஒயரின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். அண்ணன் ஜெரால்டு அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தான்.

“எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எங்கம்மா வெச்சீங்க?”

“எனக்கென்னடா தெரியும்? அப்பாவக் கேளு,” என்றாள் அம்மா ஆனி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா இருதயசாமி வெள்ளைச் சட்டையும் பட்டுக்கரை வேட்டியுமாகக் கண்ணாடி மூடிக்கு அடியில் படுத்திருந்தார். அந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அடுத்த வீட்டுத் தமயந்தி அக்கா, கோயமுத்தூர்க்காரர், “இருங்க கண்ணு” என்று ஓடிப்போய்த் தன் வீட்டு பாக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்தார். பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது.

வந்தவர்களெல்லாம் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். ஜெரால்டு நேற்றிலிருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பானோ, இப்போது பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது.

“மாசா மாசம் வாங்கற பிரஷர் மாத்திரைதாங்க. ஓ.பி.ல டோக்கன் போட்டுட்டு பெஞ்சில உக்காந்தாரு. நம்பர் கூப்ட்டாங்க, எழுந்திருக்கல. பக்கத்துலயே டாக்டர் இருந்தாரு, உடனே பாத்தாரு. பெரிய அட்டாக். அங்கயே முடிஞ்சிருச்சி.”

“அடடா, ஓபியிலயா போச்சு உசுரு!” என்று வந்திருந்த பெரியவர் உச்சுக்கொட்டினார்.

கிறிஸ்டினாவுக்குச் சுருக்கென்றது. இதைக் கேட்டிருந்தால் அப்பாதான் முதலில் சிரித்திருப்பார்.

ஓபி அவருடைய சொந்தச் சொத்து. பழுப்பு நிலக்கரியை மூடிக்கொண்டு பனை பனையாய் ஆழத்துக்குக் கிடக்கிற மண்ணுக்கு மைன்ஸில் ஓவர் பர்டன் என்று பெயர், சுருக்கினால் ஓ.பி. அதை வெட்டி பெல்ட்டில் அனுப்புவார்கள். பெல்ட்டின் கோடியில் நின்று அதை வாங்கி மேடு மேடாகக் கொட்டுகிற ராட்சச மிஷின்தான் ஸ்பிரெடர். இருதயசாமி அதில் ஆபரேட்டர். என்ன வேலை பார்த்தீங்க என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனுஷன் முகத்தைப் பரம சாதுவாக வைத்துக்கொண்டு, “முப்பத்தோரு வருஷம் ஓபி அடிச்சேங்க. அதுக்குச் சம்பளம் வேற குடுத்தாங்க” என்பார். ஜெரால்டுக்குப் பெண் பார்க்கப் பண்ருட்டிக்குப் போனபோதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பெண்ணின் அப்பா பாவம், வேலைவெட்டி இல்லாத குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டோமோ என்று முழித்தார். பஸ்ஸில் நெய்வேலி வரும்வரைக்கும் அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை.

அந்த ஜோக்கைக் கொன்றது தான்தான் என்று கிறிஸ்டினா இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அவள் வேளாண் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் ஆராய்ச்சி மாணவி. சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய மண்மேட்டில் மறுபடி பச்சையைக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரு செமினாருக்கு முந்தின சாயங்காலம், இதே முன்னறையில், லேப்டாப்பைத் திறந்து வைத்து அப்பாவுக்கு எதிரே பேசிப் பழகினாள். அவர் மடியில் தோசைத் தட்டோடு கேட்டார். திரையில் ஒரு மொட்டை மேட்டின் படம் வந்தது.

“இது செத்த மண்ணுப்பா. பூமியில மேல இருக்கற ஒரு சாண், ஒரு அடிதான் உயிருள்ள மண்ணு. அது உண்டாக நூறு வருஷத்துக்கும் மேல ஆகும். அதத் தனியா எடுத்து வெச்சி, எல்லாம் கொட்டி முடிச்ச பிறகு கடைசியா மேல பரப்பணும். அந்தக் காலத்துல எந்த ஊர் சுரங்கத்துலயும் அது தெரியல. ஒண்ணாக் கலந்து தலைகீழாக் கொட்டிட்டாங்க.”

“யாரு?”

“யாரு, ஆபரேட்டருங்கதான்.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அப்பா திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பின்னால் தெரிந்த மரத்தையும் ரோட்டையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இது எங்க ஷிஃப்ட்டு கொட்டுனது,” என்றார்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாதித் தோசை மிச்சம் இருந்தது. சமையல்கட்டு வாசலில் நின்று, “நல்லா சொல்றம்மா. கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். மறுநாள் செமினாரில் எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வீட்டில் அவர் ஓபி அடித்ததாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் “எதுக்கும்மா?” என்பார், பிறகு இரண்டு பேரும் அசடு வழிய நிற்க வேண்டும். அதைவிட மேட்டையே அவருக்குக் காட்டிவிடலாம் என்று நினைத்தாள். அந்த மேட்டில் நான்கு பாத்தியில், மண்ணுக்கே உரமாகிற சணப்புச் செடியை விதைத்திருந்தாள். முதல் வருஷம் கருகிப்போனது. இந்த வருஷம் இடுப்பு உயரத்துக்கு வந்து மஞ்சளாகப் பூத்தது. இன்னும் கொஞ்சம் வளரட்டும், எல்லாப் பாத்தியும் பூக்கட்டும், ஒருநாள் பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாம் என்று நாளைக் கடத்தினாள். நேற்றுக் காலையில் அந்தப் பாத்தியில்தான் குந்தி உட்கார்ந்து வேர்களை அளந்துகொண்டிருந்தாள். போன் பைக்குள் சைலன்ட்டில் கிடந்தது. பதினொரு மிஸ்டு கால்.

மூன்று மணிக்கு அப்பாவை பிரீசர் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் வைத்தார்கள். அப்போது அம்மா அப்பாவின் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்தாள்.

“கண்ணாடி போட்டு அனுப்பலாமா வேணாமா?”

“எதுக்கும்மா இப்ப அதெல்லாம்?” என்றான் ஜெரால்டு.

“அது இல்லாம அவருக்கு எதுத்தாப்புல யாரு வர்றாங்கன்னே தெரியாதுடா.”

கிறிஸ்டினா கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்தாள். ஒரு பக்கத்துக் கம்பி தளர்ந்திருந்தது, அதை அப்பா நூல் சுற்றிக் கட்டியிருந்தார். அவள்தான் போட்டுவிட்டாள். காது மடல் சில்லென்று இருந்தது.

கோயிலில் பூசை முடிந்து வண்டி புறப்பட்டது. முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில், முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது கல்லறைத் தோட்டம். இருதயசாமி அந்தப் பக்கத்து ஆள். ரிட்டையர் ஆன பிறகு அந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்த யாருக்கு அடக்கம் என்றாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். “சாவு எங்கன்னு மோப்பம் புடிச்சிக்கினு போறாரு பாரு” என்று அம்மா திட்டுவாள். இன்றைக்கு அவரைக் கொண்டுபோக ஒரு வேன் வேண்டியிருந்தது.

பங்குச் சாமியார் ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்துக்கொண்டிருந்தபோது கிறிஸ்டினா தலையைக் குனிந்திருந்தாள். கண் சும்மா இருந்தால்தானே? குழியின் சுவரைப் படித்துவிட்டது. மேலே ஒரு சாணுக்குக் கறுத்த மண், முந்திரி இலை மக்கியது. அதற்குக் கீழே சிவப்பு. அடியில் சரளை. சீ, அப்பனுடைய குழியில் நின்றுகொண்டு என்ன பார்க்கிறோம் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. கண்ணை எடுத்தாள். எடுத்த கண் பக்கத்தில் குவித்திருந்த மண்ணில் விழுந்தது. ஒரு குவியல் இல்லை, இரண்டு. வலது பக்கம் சிவப்பாகப் பெரிய குவியல். இடது பக்கம் கறுப்பாகச் சின்னது, அதன்மேல் ஒரு சாக்கு.

பெட்டி இறங்கியது. அம்மாவின் அலறல் தோப்பு வரைக்கும் போனது. ஜெரால்டு அவளைத் தாங்கிக்கொண்டு, கைமண் எடுப்பதற்காகக் கிட்டத்தில் இருந்த சின்னக் குவியலிலிருந்து சாக்கை விலக்கினான்.

“அய்ய, அதுல எடுக்காதீங்க!” என்று ஒரு குரல். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற சிங்காரவேலு, அங்கே குழி வெட்டுகிறவர். “அது மேமண்ணு. கைமண்ணு போடறவங்க இந்தச் செவப்புல எடுங்க!”

“எந்த மண்ணா இருந்தா என்னங்க? இப்ப போயி...” ஜெரால்டுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது.

“நா இன்னா பண்றது தம்பி? உங்கப்பாரு போட்ட சட்டம் அது.”

ஜெரால்டு ஒன்றும் புரியாமல் சிவப்பு மண்ணை அள்ளிப் போட்டான். ஒவ்வொருவராகப் போட்டார்கள். பலகைமேல் மண் விழும் சத்தம் கொஞ்ச நேரத்தில் மண்மேல் மண் விழும் சத்தமாக மாறியது. கிறிஸ்டினா தன் பிடியைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

“அண்ணே, எங்கப்பா என்ன சொன்னாரு?”

சிங்காரவேலு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “மண்ணப் பத்திப் படிக்கிற பொண்ணு நீதானாம்மா? ரெண்டு வருசம் இருக்கும். ஒரு அடக்கத்துக்கு வந்தாரு. நா உள்ள எறங்கி வெட்டிக்கினு இருக்கேன், இவுரு மேல நின்னுக்கினு ‘மேமண்ணு தனி, அடிமண்ணு தனி, கலக்காதடா’ன்றாரு. எனக்கு வந்துது பாரு எரிச்சலு! ‘ஏண்ணே, வந்தமா கைமண்ணு போட்டமான்னு இல்லாம குழி வெட்டறவனுக்கே பாடம் எடுக்கிறியே’ன்னுட்டேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா?”

கிறிஸ்டினா ஓரடி கிட்டத்தில் வந்தாள்.

“‘முப்பத்தோரு வருசம் ஓபி அடிச்சவன்டா நானு. எல்லாத்தயும் தலைகீழா கொட்டி வெச்சிட்டு வந்துட்டேன். எம்பொண்ணு படிச்சிக் கண்டுபுடிச்சிச் சொல்லுது. அங்கதான் தெரியாம போச்சு, இங்கயாவது ஒழுங்கா கொட்டுவோம்டா’ன்னாரு. சொல்லிட்டு ஒரே சிரிப்பு.”

“சிரிச்சாரா?”

“சிரிக்காம? யாரு வந்தாலும் புடிச்சி வெச்சிச் சொல்வாரும்மா. ‘நா ஓபி அடிச்சதுக்கு எம்பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கப் போவுது’ம்பாரு. டீ வாங்கிக் குடுத்துட்டுச் சொல்வாரு, காதுல வாங்கித்தான் ஆவணும்.”

நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாலும் நிற்கவில்லை. வீட்டில் நின்றுபோன அந்தச் சிரிப்பை, சைக்கிளில் இவ்வளவு தூரம் கொண்டுவந்து, இங்கே சிரித்திருக்கிறார்! அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, படுபாவி மனுஷன். மேடு பூத்ததை அவளும்தான் அவரிடம் சொல்லவில்லை.

“எத்தன குழிண்ணே?” என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்.

“இதுக்கு முன்ன பதினாலு. இது பதினஞ்சு.” சிங்காரவேலு மண்வெட்டியால் வேலியோரத்தைக் காட்டினார். “அதோ, அந்த வரிசை பூரா அவுரு நின்னு பாத்தது.”

சிமென்ட் பூசாத கல்லறைகள். பழைய வரிசைகள் சிவந்து, இறுகி, வெடித்துக் கிடந்தன. வேலியோரத்து வரிசையில் மட்டும் தும்பைச் செடி மண்டியிருந்தது, வெள்ளை வெள்ளையாய்ப் பூ. ஒன்றிரண்டில் அருகம்புல் சிலுவை வரைக்கும் ஏறியிருந்தது. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

ஜெரால்டு திரும்பி வந்தான். “கிறிஸ், வா. எல்லாரும் வேன்ல ஏறிட்டாங்க.”

“மேமண்ணு இன்னும் போடலண்ணா.”

அவன் ஏதோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டான். அம்மாவும் வேனிலிருந்து இறங்கி வந்தாள். வெறும் கண்ணாடிக் கூடு இன்னும் அவள் கையில் இருந்தது.

சிவப்பு மண் முழுவதும் உள்ளே போய், மேடாகி, மண்வெட்டியின் முதுகால் தட்டப்பட்டது. பிறகு சிங்காரவேலு சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டுக் கறுப்பு மண்ணை அள்ளினார். சிவப்பின் மேல் அது மெல்லப் பரவியது. கடைசியாக அள்ளியதில் ஒரு அருகம்புல் கொத்து வேரோடு வந்தது. அதை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக் குதிகாலால் அமுக்கினார்.

“போதுமா பாப்பா?”

கிறிஸ்டினா குனிந்து பார்த்தாள். கால்மாட்டில் ஒரு இடத்தில் இன்னும் சிவப்பு தெரிந்தது.

“இந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் இழுத்து விடுங்கண்ணே,” என்றாள்.