கடைசி வளைவில் டிரம்பெட்

அரவிந்தன் எடுத்திருந்தது கார் பந்தயப் படம். கதை நடப்பது எழுபதுகளில். ஆறு நிமிடம் ஓடும் கடைசிப் பந்தயத்துக்கு அவர் விறுவிறுப்பான இசை கேட்கவில்லை. அந்தக் காலத்துப் பெரிய ஹோட்டல்களில், சாப்பிடுகிறவர்களின் பேச்சுக்கு நடுவே ஓரமாக ஒலிக்குமே, அந்த மாதிரி சொகுசான இசை வேண்டும் என்றார். கார் பறக்கட்டும், இசை அலட்டிக்கொள்ளக் கூடாதாம். சொல்லிவிட்டுப் போவது டைரக்டர்களுக்குச் சுலபம்.

செய்ய வேண்டியவள் ஜென்சி. எடமலைப்பட்டி புதூரில் வீட்டு மாடியையே ஸ்டுடியோவாக்கி, பத்து வருடமாகக் கடை விளம்பரங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் இசை போட்டு அலுத்தவள். இதுதான் முதல் படம். இன்று நாலரைக்கு அரவிந்தன் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து கேட்பார். பிடிக்காவிட்டால் சாயங்கால விமானத்தில் சென்னைக்குப் போய் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தார்.

மணி மூன்று. கிடார், டிரம்ஸ் எல்லாம் பதிந்தாகிவிட்டது. டிரம்பெட் மட்டும் பாக்கி. அதற்கு வந்திருந்த அற்புதசாமி பாலக்கரை பேண்டு செட்டில் முப்பது வருடமாக ஊதுகிறவர். சரிகை வைத்த சிவப்புக் கோட்டோடுதான் மாடியேறினார். நாலு மணிக்குப் பின்தெருவில் ஒரு அடக்க ஊர்வலம் இருக்கிறது, மூன்றே முக்காலுக்கு வேன் வந்துவிடும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

ஜென்சி அவரை ஸ்டூலில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். சுருதி சுத்தம்; தாளம்தான் நிற்கவில்லை. கார் வளைவில் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் டிரம்பெட் அரைத் தட்டு பிந்தியே வந்தது. ஐந்து தடவை ஊதியும் அதே கதை. மணி மூன்று இருபத்தைந்து. அவளுக்கு வாய் கட்டுக்குள் இல்லை.

"ஊர்வலத்துல ஊதுற மாதிரி ஊதாதீங்கண்ணே. இதுக்கு என் கீபோர்டே போதும்."

அற்புதசாமி டிரம்பெட்டின் வாயைத் துணியால் துடைத்தார். ஏன்தான் சொன்னோமோ என்று அவளுக்கு அப்போதே கூசிப்போனது. அவர் எழுந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"உக்காந்து ஊதி எனக்குப் பழக்கம் இல்லம்மா. கால் நடந்தாதான் எனக்குத் தாளம் வரும்."

முப்பது வருடம் தெருவில் நடந்தபடியே ஊதிய மனிதரை ஸ்டூலில் உட்காரவைத்தது யார்? அவள்தான். ஸ்டூலை ஓரமாகத் தள்ளினாள். ஹெட்போனைக் கழற்றச் சொல்லிவிட்டு, கிடாரை ஸ்பீக்கரில் மெதுவாக ஓடவிட்டாள். மைக்கை நடு ஹாலில் வைத்து, அதைச் சுற்றி அவரை நடக்கச் சொன்னாள்.

நடந்தார். ஒரு தட்டு பிசகவில்லை. மைக் பக்கம் வரும்போது டிரம்பெட் பெருகியது, விலகும்போது மெலிந்தது. திரையில் கார்களும் அப்படியே வந்து வந்து போயின. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னும் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி.

அப்போது கீழே வேன் ஹாரன் அடித்தது. பேண்டுக்காரர்கள் எடுத்த பாட்டைப் பாதியில் நிறுத்த மாட்டார்கள், நடந்துகொண்டே முடிப்பார்கள். அற்புதசாமி ஊதிக்கொண்டே மைக்கைத் தாண்டினார், கதவைத் தாண்டினார், படியிறங்கினார். டிரம்பெட் படிப்படியாகத் தேய்ந்து, வாசலில் முடிந்தது. வேன் போய்விட்டது.

ஜென்சி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நேரமாகிவிட்டது என்று போனாரா, அவள் சொன்ன சொல் சுட்டுப் போனாரா? போன் போட்டாள், எடுக்கவில்லை. கடைசி வளைவுக்கு மட்டும் கீபோர்டிலேயே டிரம்பெட் வாசித்து ஒட்டிப் பார்த்தாள். உயிரே இல்லை. அதை எடுத்துவிட்டு, அவர் ஊதியதையே திரும்ப வைத்தாள். அதற்குள் அழைப்பு மணி அடித்தது. ஆற்றுப் பாலத்தில் இன்று நெரிசல் இல்லையாம், அரவிந்தன் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

படம் ஓடியது. கடைசிக் காட்சியில் கதாநாயகனின் கார் நின்றுபோக, ஜெயித்த கார் அவனைத் தாண்டிப் போய்ப் புள்ளியாகிறது. கூடவே டிரம்பெட்டும் தேய்ந்து மறைந்தது. அரவிந்தன் திரும்பப் போடச் சொன்னார்.

"கடைசியில தூரமா போகுதே, எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

சும்மா சிரித்து வைத்தால் போதும், படம் அவளுக்குத்தான். அந்தச் சிரிப்பு உதடுவரை வந்துவிட்டது.

"எனக்குத் தோணல சார். டிரம்பெட் ஊதுறவரை நான் மனசு நோகப் பேசிட்டேன். அவரு ஊதிக்கிட்டே எறங்கிப் போயிட்டாரு."

அரவிந்தன் அவளையே பார்த்தார். பிறகு, அவர் பெயர் என்ன என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார். டைட்டிலில் அந்தப் பெயர் தனியாக வரும் என்றார். இசை ஜென்சிதான், சென்னைக்கு இனி யாரையும் தேடிப் போகவில்லை என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. பின்தெருவில் டிரம்பெட் கேட்டது, ஊர்வலம் கிளம்பிவிட்டது. ஜென்சி செருப்புக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். பாட்டு முடிகிறவரை அவர் நிற்க மாட்டார். மன்னிப்புக் கேட்க, அதுவரை அவரோடு கூடவே நடக்க வேண்டும்.