ஏற்றத்தில் நிறுத்திய லாரி

அந்த மாதத்தில் நாலாவது தடவையாக லாரி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தது. தனசேகரன் சாவியைத் திருப்பிப் பிடித்தார். செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே கதை. மணி ஐந்தரை. ஆறு மணிக்கெல்லாம் அனந்தபுரத்தில் நெல் மூட்டை ஏற்ற ஆட்கள் வந்துவிடுவார்கள்.

எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, இன்ஜின் இருமியது, தடுமாறியது, பிறகு ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு அன்று முழுக்க எங்கே நிறுத்தி எடுத்தாலும் ஒரே திருப்பில் பிடித்தது. அதுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

லாரி அவருடையது இல்லை. மேல்சித்தாமூரில் நெல்லும் மணிலாக்கொட்டையும் வியாபாரம் செய்யும் அஜித்நாதனுடையது. அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய ஆறு சக்கர வண்டி. பத்தொன்பது வருஷமாக அதைத் தனசேகரன்தான் ஓட்டுகிறார். அஜித்நாதனைப் பள்ளிக்கூடப் பையனாகப் பார்த்தவர் என்பதால் இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அன்று மத்தியானம் அஜித்நாதன் போன் செய்தார்.

“அண்ணே, அனந்தபுரத்துல ஆளுங்க முக்கா மணி நேரம் சும்மா ஒக்காந்து இருந்தாங்களாமே.”

“வண்டி ஸ்டார்ட் ஆவல தம்பி.”

“அரிகிருஷ்ணன் ஷெட்டுல மூணு நாளு நின்னுச்சு. பேட்டரி பாத்தாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு. மூணு நாளும் காலைல டக்குனு எடுத்துச்சுன்னு அவரு சொல்றாரு. ஒங்ககிட்ட மட்டும் இன்னாத்துக்கு இப்டி பண்ணுது?”

“எனக்கும் அதான் புரியல.”

“காலைல எந்திரிக்க முடியலன்னா சொல்லிடுங்கண்ணே. வயசாவுது. நான் ஒண்ணும் தப்பா நெனக்க மாட்டேன்.”

தனசேகரன் போனை வைத்தார். அவர் தினமும் நாலரைக்கே எழுந்துவிடுகிறவர். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால், ஆமாம், வண்டி எடுக்காமல் இவர் பாடுபட்டதை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியும். அவருக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

அவருடைய மனைவி மகாலட்சுமி, மகள் ஜெயசுதாவின் பிரசவத்துக்காகச் சென்னைப் பக்கம் ஊரப்பாக்கம் போனவள். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகத்தான் பேச்சு. மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, மூன்று மாதம் இரண்டு வருஷமாகிவிட்டது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, யாருக்கும் சண்டை இல்லை. செஞ்சியில் கிருஷ்ணகிரி மலையடியில் இருந்த அந்த ஓட்டு வீட்டில் தனசேகரன் தனியாகப் பொங்கித் தனியாகச் சாப்பிட்டார். இரண்டு பேருக்கான ரேஷன் சர்க்கரை டப்பாக்களில் நிறைந்து கட்டி தட்டிப்போயிருந்தது. தினமும் எட்டரைக்கு மகாலட்சுமி போன் செய்வாள். சாப்பிட்டாச்சா, குழந்தை தூங்கியாச்சா. இரண்டு நிமிஷத்துக்குள் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த வியாழக்கிழமை லாரி மறுபடியும் எடுக்கவில்லை. இந்தத் தடவை அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே மெக்கானிக் அரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டார். திண்டிவனம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் அரிகிருஷ்ணன் அந்த நேரத்திலேயே விழித்திருந்தார்.

“செல்ஃப் எப்டி சுத்துது?”

“நல்லா சுத்துதுபா. அதுல கொற இல்ல.”

“சுத்தறப்ப சைலன்சர்ல பொக வருதா?”

“நான் சீட்டுல இருக்கறேன். இந்த இருட்டுல கண்ணாடியில ஒண்ணும் தெரியல.”

“யாரயாவது பின்னால நிக்கவெச்சு சுத்து. வெள்ளப் பொக வந்தா டீசல் உள்ள போவுது, ஆனா எரியல. பொகையே இல்லன்னா டீசலே போவல. அது தெரிஞ்சாத்தான் நான் மேல சொல்ல முடியும்.”

“யார நிக்க வெக்கறது?”

“தெருவுல ஒரு ஆளுகூடவா இல்ல?”

தனசேகரன் இறங்கித் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுத் தைலம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். மகாலட்சுமி இருந்தபோது அந்தம்மாள் இந்த வீட்டுக்கு வருவாள், போவாள். மகாலட்சுமி போன பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆம்பிளை ஒண்டியாக இருக்கும் வீடு என்பதால் இருக்கும். அவரும் பேசியதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தெருவைத் தாண்டிப் போனார்.

“யம்மா, ஒரு ஒதவி. நான் வண்டிய சுத்தறேன். பின்னால கொழாயில பொக வருதான்னு மட்டும் பாத்து சொல்லணும்.”

அவள் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே வந்து லாரிக்குப் பின்னால் நின்றாள். அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

“ஒண்ணும் வரலியே,” என்றாள்.

“கொஞ்சங்கூட இல்லியா?”

“இல்லீங்க. பொட்டுப் பொக இல்ல.” கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள். “பாவம், வாரத்துக்கு ரெண்டு நாளு இது இப்டித்தான் கத்துது. நான் கேட்டுக்கினுதான் இருக்கறேன். நீங்க இன்னா பண்ணுவீங்க, காலங்காத்தால ஒண்டி ஆளா.”

தனசேகரன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வைக்காமல் சீட்டில் போட்டிருந்த போனில் அரிகிருஷ்ணன் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது பிறகுதான் காதில் விழுந்தது.

அரிகிருஷ்ணன் சொன்னபடி ஃபில்டர் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, கையால் அமுக்கும் சின்னப் பம்பை அடித்தார். டீசலுக்குப் பதிலாக நுரைதான் வந்தது. இருபது அடி அடித்த பிறகு நுரை நின்று டீசல் சுத்தமாக வழிந்தது. திருகை முடுக்கிச் சாவியைத் திருப்பினார். உடனே பிடித்தது.

“லைன்ல எங்கியோ காத்து இழுக்குது,” என்றார் அரிகிருஷ்ணன். “ராத்திரி பூரா டீசல் டேங்குக்கே திரும்பி எறங்கிடுது. ஆனா அப்டின்னா தெனம் ஆவணுமே. எங்கிட்ட ஏன் ஆவல? நீதான் பாக்கணும். வண்டி எங்க நிக்குது, எப்டி நிக்குதுன்னு பாத்துக்கினே வா.”

அன்று எட்டரைக்கு மகாலட்சுமி கூப்பிட்டபோது தனசேகரன் வழக்கத்துக்கு மாறாக நடந்ததையெல்லாம் சொன்னார். அஜித்நாதன் பேசியதைக்கூடச் சொன்னார். மேல்சித்தாமூர் குடோனில் தங்கிய நாளிலும், வல்லத்தில் லோடுக்காக ரோட்டோரம் படுத்த நாளிலும் வண்டி ஒழுங்காக எடுத்தது. வீட்டில் நின்றால்தான் தகராறு.

“வீட்ல எங்க நிறுத்தறீங்க? நம்ம எடத்துலதான?”

“ஆமா. மூஞ்ச உள்ள வுட்டு நிறுத்திட்றேன்.”

“ஏன் அப்டி? எப்பவும் ரிவர்ஸ்லதான வுடுவீங்க.”

“ரிவர்ஸ் வுட்டா பின்னால பாத்து சொல்ல ஆளு வேணும்ல.”

 வீட்டை ஒட்டிய அந்தக் காலி இடம் தெருவிலிருந்து மலைப்பக்கமாக ஏறிப்போகும். ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். அத்தனை வருஷமும் மகாலட்சுமிதான் டார்ச்சோடு பின்னால் நின்று, வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம் ஒடிங்க, போதும் என்று சொல்லி அவரை உள்ளே வாங்கியவள்.

போனை வைத்ததும் தனசேகரன் வெளியே வந்து லாரியைப் பார்த்தார். மூக்கு மேட்டில், டேங்க் பள்ளத்தில் இருந்தது. டீசல் தானாகப் பின்னால் இறங்கத் தோதாகத்தான் அவர் அதை நிறுத்தியிருந்தார். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

அடுத்த நாள் சாயங்காலம் ரிவர்ஸில் விட்டார். கொஞ்சம் விடுவார், இறங்கிப் பின்னால் போய்ப் பார்ப்பார், ஏறி மறுபடி விடுவார். ஏழு தடவை ஏறி இறங்கினார். ஒரு சக்கரம் கால்வாய்க் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வண்டி உள்ளே வந்து நின்றபோது சட்டை நனைந்திருந்தது. மறுநாள் காலை ஒரே திருப்பில் எடுத்தது. இரண்டாவது நாளும் எடுத்தது. மூன்றாவது நாள் வேண்டுமென்றே மூக்கை மேட்டில் வைத்தார். காலையில் எடுக்கவில்லை. அன்று முதல்முறையாக, எடுக்காததற்காகச் சந்தோஷப்பட்டார்.

அரிகிருஷ்ணன் தன் ஷெட்டில் முன் சக்கரங்களுக்குக் கீழே கட்டை கொடுத்து லாரியை ஏற்றி நிறுத்தினார். டேங்கிலிருந்து வரும் லைனின் நடுவில் கண்ணாடி மாதிரி தெரியும் டியூபைச் செருகி இன்ஜினை ஓடவிட்டார். குமிழி குமிழியாகக் காற்று போவது தெரிந்தது. ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போய், சேசிஸில் பைப்பைப் பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில் தேய்ந்துபோன இடத்தைக் கண்டுபிடித்தார். மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

“டீசல் வெளிய ஒழுகல. காத்து மட்டும் உள்ள போயிருக்குது. இது நேத்து வந்த ஓட்ட இல்ல தனசேகரு. ரொம்ப வருசமா கொஞ்சங் கொஞ்சமா தேஞ்சு, இப்பத்தான் முத்தியிருக்கும். நீ ரிவர்ஸ்ல நிறுத்துனா வெளிய தெரியாது.”

பைப் மாற்றி முடிந்ததும் அரிகிருஷ்ணனே அஜித்நாதனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அஜித்நாதன் போனைத் தனசேகரனிடம் கொடுக்கச் சொன்னார்.

“நான் ஒரு மாதிரியா பேசிட்டேன்ணே. மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்கல தம்பி,” என்றார். அது பொய். கொஞ்ச நாளைக்கு அது மனதில் இருக்கத்தான் செய்தது.

அன்று எட்டரைக்கு மகாலட்சுமியிடம் வண்டி சரியாகிவிட்டதைச் சொன்னார். அவள் நல்லது என்றாள். வழக்கமாகப் போனை வைக்கும் நேரம். அவருக்கு வைக்கத் தோன்றவில்லை.

“ஒனக்கு அங்க எப்டி இருக்குது?” என்று கேட்டார்.

“எப்டின்னா?”

“சும்மாத்தான் கேக்கறேன்.”

அவள் யோசித்துத்தான் பேசினாள். “மூணாவது மாடி. எறங்கி எங்க போறது? எதிர்வீட்டுக் கதவு எப்பவும் சாத்தியே இருக்கும். இவங்க ரெண்டு பேரும் ஏழு மணிக்குப் போனா ராத்திரிதான் வராங்க. பகல் பூரா கொழந்தகிட்ட பேசறேன். அதுக்கு இன்னா தெரியும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா இன்னா பண்ணுவீங்க. நீங்களும் தனியாத்தான இருக்கறீங்க.”

  அவள் பக்கத்தில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. குழந்தை எதற்கோ சிணுங்கியது. இருவரும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தார்கள்.

“ஞாயித்துக்கெழம பஸ்ஸுல வரேன்,” என்றார் தனசேகரன்.

“லோடு இல்லியா?”

“சொல்லிக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர் ஊரப்பாக்கத்தில் இறங்கினார். குழந்தை அவரைப் பார்த்து அழுதது. சாயங்காலம் வரை அவரிடம் வரவில்லை. சாப்பிட்டு முடித்து அவரும் மகாலட்சுமியும் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்கள்.  பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் என்று அவள் சொன்னாள். அது இன்னும் ஒன்றரை வருஷம். அவர் தலையாட்டினார். மாதம் ஒரு ஞாயிறு வருவதாகச் சொன்னார். அவள் அவருடைய சட்டையில் அறுந்திருந்த பட்டனைப் பார்த்துவிட்டு, ஊசி நூல் எடுத்துவந்து அவர் போட்டிருந்தபடியே தைத்துக் கொடுத்தாள்.

நாலரை மணிக்கு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வந்ததும் அவர் ஏறிக்கொண்டார். ஜன்னல் சீட் கிடைத்தது. அவள் ரோட்டைத் தாண்டுகிறாளா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

“செஞ்சி,” என்று கண்டக்டரிடம் பணத்தை நீட்டினார்.

“எத்தினி பேரு?”

“ஒண்ணு.”