கைக்கு வராத பிள்ளை

நாள் முழுக்க பஸ்ஸில் நின்றே பிழைத்தவளைப் படுக்கையில் போட்டுவிட்டார்கள். கண்டக்டர் வேலையில் அவள் வாய்க்கு முன்னால் எந்தப் பயணியும் எதிர்த்து நின்றதில்லை. இப்போது கழிப்பறைக்குப் போகக்கூட அக்காவின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

முன்பு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை இரட்டை. கர்ப்பப்பையின் வாய் தளர்ந்திருக்கிறதென்று தையல் போட்ட டாக்டரம்மா, ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "எழுந்து நடமாடினா நான் பொறுப்பில்ல" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

அவளுக்கா சும்மா கிடக்க வரும்? வயிற்றைத் தடவிக்கொண்டே பஸ்ஸில் போடும் அதே குரலில் அதட்டுவாள். "உள்ள தள்ளி நில்லுங்க! ஸ்டாப் வர்றதுக்குள்ள யாரும் எறங்கக் கூடாது!"

பெயின்டரான கணவன் வேலை முடிந்து, முகமெல்லாம் பெயின்ட் தெறிப்போடு வாசலில் நின்று சிரிப்பான். "பாவம், டிக்கெட் கேட்டு வச்சிராத."

ஏழாம் மாதம் தொடங்கிய வாரம், சாப்பிட உட்கார்ந்தவளுக்குத் தலை பிளப்பதுபோல் வலித்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஆம்புலன்ஸில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டதுவரை நினைவிருந்தது. அடுத்து வலிப்பு வந்துவிட்டது. வயிற்றைக் கிழித்து அவசரமாக இரண்டையும் எடுத்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். இரண்டும் கண்ணாடிப் பெட்டிக்குள். தாய் வேறொரு வார்டில், நினைவில்லாமல்.

அவள் தெளிந்து கண் விழித்தபோது கணவன் கட்டிலோரம் நின்றிருந்தான். நகக்கண்ணில்கூடப் பெயின்ட் இல்லை. குழந்தைகளைத் தொட வேண்டுமென்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியதில் விரலெல்லாம் தோலுரிந்திருந்தது.

"ரெண்டும் நல்லா இருக்குல்ல?"

"பொண்ணு நல்லா இருக்கா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் உதடு கோணிக்கொண்டது. "பையன் நேத்து போயிட்டான்மா. மூச்சு தாங்கல."

"எங்க இருக்கான்? தூக்கிட்டு வாங்க."

"அடக்கம் பண்ணிட்டோம்."

"என்னைக் கேக்காமயா? பெத்தவ கையில ஒரு தடவ குடுத்திருக்கக் கூடாதா?"

"நீயே பொழைப்பியான்னு தெரியாதுன்னுட்டாங்க. நான் யார்கிட்ட போய்க் கேக்க?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு அவனோடு பேச்சே இல்லை. நர்ஸ் சொன்னபடி பாலைப் பிழிந்து கொடுத்தாள். இரண்டு பேருக்குச் சுரந்த பால்; ஒருத்திக்குக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகப் போனது. மிச்சத்தை என்ன செய்வதென்று அவள் யாரையும் கேட்கவில்லை.

"ஒண்ணாவது தங்குச்சே, மனசத் தேத்திக்க," என்றாள் அக்கா.

"ரெண்டு பேரச் சுமந்தேங்க்கா. ஒண்ணுன்னு எப்படிக்கா எண்ணுவேன்?"

அக்கா தங்கையின் தலையைக் கோதிவிட்டுத் தானும் அழுதாள்.

ஒரு மத்தியானம் பெண்ணை முதன்முதலாக அவள் நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்க வைத்தார்கள். கணவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான். "அவனுக்கு உன் காதுதான். மேல்மடிப்பு உள்ள சுருண்டிருக்குமே, அச்சு அசலா அப்படி."

அவள் கேட்டாள். "அழுதானா?"

"குரலே வரல. என் விரலப் பிடிச்சிருந்தான். விடவே இல்ல."

"எந்த விரல?"

அவன் காட்டினான். அவள் அதைப் பற்றிக்கொண்டாள். அந்தத் தோலுரிந்த விரலைப் பிடித்தபடியே, குழந்தை அதிராதபடி வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

எடை கூடி, பெட்டியை விட்டு வெளியே வந்து, பெண் ஒருவழியாக வீட்டுக்குக் கிளம்பினாள். "நேரா வீட்டுக்கு வேணாம். மொதல்ல அவன்கிட்ட," என்றாள் தாய். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கேயா என்று அக்கா தடுத்ததை அவள் காதில் வாங்கவில்லை.

இடுகாட்டில் சின்னச் சின்ன மேடுகள். இடையில் பெய்த மழை எல்லாவற்றையும் கரைத்துத் தட்டையாக்கியிருந்தது. கணவன் இங்கும் அங்கும் நடந்தான். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தான்.

"இந்த வரிசைதான்... இதுவா, அடுத்ததான்னு..."

அவள் திட்டவில்லை. அவன் காட்டிய இரண்டு இடங்களுக்கும் நடுவில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மடியில் மகள் பசித்துச் சிணுங்கினாள். அவள் முந்தானையை இழுத்துவிட்டு, அங்கேயே பால் கொடுத்தாள்.