போறோம்

"தென் துருவத்துக்குப் போறோம்" என்று தம்பி சொன்னபோது நான் அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். துருவம் என்பதற்காக இல்லை, கையில் காசு இருக்கிறவன் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். 'நாம போறோம்' என்றானா, 'நாங்க போறோம்' என்றானா என்பதுதான் என் காதில் விழவில்லை. அடுப்படிக்குப் போய்த் தட்டைக் கழுவும்போது புரிந்தது, என் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. அவன் இரண்டையுமே சொல்லவில்லை. வெறும் 'போறோம்'. சின்ன வயதிலிருந்தே பிடிகொடுக்காமல் பேசுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். தம்பி, அவன் மனைவி, நான். எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் இப்போது மூட்டு வலி வந்துவிட்டது, கேட்பதை நிறுத்திவிட்டார்கள். தம்பி ஐஸ் கம்பெனி நடத்தினான். அவன் உள்ளே இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வான், நான் வெளியறையில் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மீன் சந்தை, ஜூஸ் கடை, சாவு வீடு என்று யார் கூப்பிட்டாலும் என் குரல்தான். "நாங்க அனுப்பிடறோம் சார்." "கரன்ட் இல்லன்னா நாங்க என்னங்க பண்றது?" அந்த 'நாங்க' என்பது அவனும் நானும். ஆயுசில் பாதியை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே கழித்திருக்கிறேன். ஊரில் எனக்குப் பேரே 'ஐஸ் அக்கா' தான்.

போன வருஷம் கம்பெனியை விற்றாகிவிட்டது. காலமெல்லாம் ஐஸ் விற்றவன் இப்போது ஐஸைப் பார்க்கப் போகிறான் என்று தெருவில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சும்மா ஆசை இல்லை, தூக்கம் கெடுகிற மாதிரியான ஆசை. நான் பார்த்த ஐஸ் எல்லாம் அவசரமானது. மரத்தூளைப் போட்டு மூடி, சாக்கைச் சுற்றி, உருகுவதற்குள் கொண்டு சேர்த்தாக வேண்டும். வண்டி எங்கே, எப்போது வரும் என்று யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள். யாரும் ஆர்டர் கொடுக்காத ஐஸ், அதுபாட்டுக்கு மலை மாதிரி நிற்கிறது என்றால், அதன் முன்னால் ஒரு நாளாவது சும்மா நிற்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கேட்டு வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவனாகக் கூப்பிட வேண்டும்.

ஏஜென்ட் வீட்டுக்கே வந்தான். கழுத்தை இறுக்கும் டை, வழவழவென்று ஒரு படப் புத்தகம். கப்பல் என்றால் சாதாரணக் கப்பல் இல்லையாம். ஒவ்வொரு அறைக்கும் பால்கனி, மேல்தளத்தில் வெந்நீர்க் குளம், கழுத்து வரை வெந்நீரில் கிடந்தபடி பனிமலையைப் பார்க்கலாமாம். ஆளுக்கொரு சிவப்பு ஜாக்கெட் தருவார்கள், அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிடலாம். நடுவில் ஒரு பொல்லாத கடல் வரும், அதற்கு மாத்திரை உண்டு. லிஃப்டில் ஏறினாலே தலை சுற்றுகிற என் தம்பி, அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று கையை வீசினான். "எங்களுக்குக் கடல் பாத்த ரூமா வேணும்" என்றான். எங்களுக்கு. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் வெளியாளிடம் பேசும்போது 'எங்களுக்கு' என்றுதானே சொல்ல முடியும்? அந்த வார்த்தை ஏஜென்டை வெளியே நிறுத்திவிட்டது, சரி. நான் உள்ளே இருக்கிறேனா என்று அது சொல்லவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. தம்பி குளிருக்கான உள்ளாடையை வாங்கி வந்து, அதைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே நடந்து பழகினான். வியர்த்து ஊற்றியது. "அங்க போனதும் பென்குயின் கிட்டயே வருமாம்", "போறதுக்கு முன்னாடி பல்லைக் காட்டிடணும், கப்பல்ல பல்வலி வந்தா அவ்வளவுதான்". இப்படித் தினமும் பேசினான். போகிறவர் யார் என்பதற்கு எந்த வாக்கியத்திலும் எழுவாய் கிடையாது. நானும் மாடிப்படி ஏறி இறங்கிக் காலைப் பழக்கினேன். பல் டாக்டரிடமும் போய்விட்டு வந்தேன், ஏதோ கூச்சம் என்று சொல்லிக்கொண்டு.

தம்பி மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு மாலை இரண்டு பேரும் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தோம். போர்வையின் அந்த முனை அவளிடம், இந்த முனை என்னிடம். அவள் போர்வையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கல்யாணமாகி நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு ஊருக்கும் போனதில்லக்கா."

குத்திக் காட்டவில்லை. வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அந்த வீட்டில் அத்தனை நாளில் நான் கேட்ட ஒரே தெளிவான 'நாங்க' அதுதான். உண்மையும்கூட. கல்யாணமான புதிதில் மலை ஊருக்குப் போனபோதுகூட, "அக்கா மட்டும் வீட்ல தனியா என்ன பண்ணுவா, நாம எல்லாரும் போலாம்" என்று தம்பிதான் கூப்பிட்டான். போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, நடுவில் அவன், வழிப்பக்கம் அவள். அங்கிருந்து அவள் கண்ணுக்கு மலையும் மரமும் எவ்வளவு தெரிந்திருக்கும்? நான் போர்வை முனையை அவள் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜாக்கெட்டுக்கு அளவு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலை தம்பி மனைவி இன்ச் டேப்பை எடுத்து வந்து தம்பிக்கு மார்பளவு எடுத்தாள். அவன் மூச்சை இழுத்துத் தொப்பையை உள்ளே தள்ளினான், அவள் தொப்பையில் ஒரு தட்டு தட்டினாள். அவன் சவரம் செய்யப் போய்விட்டான். "எனக்கு எடுத்து விடுங்கக்கா" என்றாள். எடுத்தேன். ஆள் இளைத்திருக்கிறாள், பார்த்தால் தெரியவில்லை. டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அவள் டேப்பைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அப்போது மேஜைமேல் தம்பியின் ஃபோன் அடித்தது. பழக்க தோஷம், என் கைதான் எடுத்தது.

ஏஜென்ட். "மேடம், ரூமை இன்னிக்கே முடிவு பண்ணியாகணும். பக்கத்துலயே ஒருத்தர் தங்கற ரூமும் இருக்கு. சார் அன்னிக்கு அதைப் பத்திக் கேட்டாரு, அப்புறம் பதிலே இல்ல. ரெண்டு பேரா, மூணு பேரா மேடம்?"

தம்பி கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு மென்று முழுங்கியிருக்கிறான். ஃபோனில் ஏஜென்ட் கத்தியது அவளுக்கும் கேட்டிருக்கும். டேப்பின் இரண்டு நுனியையும் பிடித்தபடி அசையாமல் நின்றாள். 'நாங்க' என்று ஆரம்பிக்கத்தான் என் வாய்க்குத் தெரியும்.

"அவங்க ரெண்டு பேர் போறாங்க" என்றேன்.

"நீங்க?"

"நான் ஃபோன் எடுக்கறவ."

வைத்துவிட்டேன். பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், நெஞ்சு பற்றி எரிந்தது. அவள் என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் தம்பி ஒரு கன்னத்தில் நுரையோடு வாசற்படியில் வந்து நின்றான்.

"ஏஜென்டா? நாம மூணு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல ரூம் இருக்காமா?"

நாம. சொல்லிவிட்டான் படுபாவி. இத்தனை நாள் வாயில் பூட்டுப் போட்டிருந்துவிட்டு, இப்போது, அவள் முகத்தைப் பார்க்காமல், என் முகத்தையும் பார்க்காமல், கையிலிருந்த ரேஸரைப் பார்த்துச் சொன்னான். நுரை அவன் தாடையிலிருந்து வழிந்து சட்டைக் காலரில் விழுந்தது.

ஃபோன் மறுபடியும் அடித்தது. என் கை தானாக நீண்டது. கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. தம்பி மனைவிதான் நடந்து வந்து எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். ரெண்டா மூணா என்று ஏஜென்ட் மறுபடியும் கேட்டிருப்பான்.

"நாங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு கையால் கழுத்திலிருந்த டேப்பை மெதுவாக இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.