ஜெபத்திலிருந்து எடுக்க வேண்டிய பெயர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பிரேசர் டவுனில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு மனைவியைக் கொண்டுபோய் விட்டேன். மழை பிடித்துக்கொண்டதால் நானும் உள்ளே உட்கார வேண்டியதாயிற்று. எல்லோரும் கண்ணை மூடியபோது நான் காதைத் திறந்துகொண்டேன். கதை எழுதுகிறவர்களை வீட்டுக்குள் விடக்கூடாது என்று என் மனைவி சொல்வது சும்மா இல்லை.

(நரகத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போன இடம் அது. ஒருமுறைகூடப் போகாமலே எனக்கு அங்கே ஒவ்வொரு சந்தும் தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "மௌரீன் தன் கணவனின் படத்துக்கு முன்னால் நின்று..."

வேண்டாம். படத்துக்கு முன்னால் நிற்கிற விதவைகளை ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று.

இரண்டாவது: "நரகம் உண்டா இல்லையா என்ற கேள்வி காலங்காலமாக..."

இது கட்டுரை. நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது: மௌரீன் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஜெபத்தைச் செய்துவந்தாள்.

இதுவே இருக்கட்டும். "ஆண்டவரே, என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தியை இரட்சியும்." சாயங்கால ஜெபத்தில் தினமும் இந்த ஒரு வரி. ஹெப்பகோடித் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டவர்கள். கணேசமூர்த்தி அவளை மதம் மாறச் சொல்லவில்லை, தானும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்கூட்டரில் கொண்டுவந்து சர்ச் வாசலில் இறக்குவார்.

"நீ உள்ள போய்ப் பேசிட்டு வா மௌரி. நான் வண்டியப் பாத்துக்கறேன்."

ஆராதனை முடியும்வரை தூங்குமூஞ்சி மரத்தடியில் பேப்பர் படிப்பார். எவனும் திருடாத பழைய வண்டி அது.

(இந்த இடத்தில் கணேசமூர்த்தியைக் கொஞ்சம் குடிகாரராக்கலாமா என்று யோசித்தேன். ஒருவரை நரகத்துக்கு அனுப்புவதென்றால் வாசகருக்குக் காரணம் வேண்டுமே. மனசு வரவில்லை. அவர் நல்ல மனுஷர். அதுதான் பிரச்சினையே.)

பிப்ரவரியில் ஒரு காலை, குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்து போய்விட்டார். சர்ச்சிலிருந்து எல்லோரும் வந்தார்கள். குடும்பத்துக்காக ஜெபித்தார்கள், அவருக்காக ஜெபிக்கவில்லை. அவர்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் கிடையாது. உயிரோடு இருக்கும்வரைதான் வாய்ப்பு, அப்புறம் தீர்ப்பு ஆகிவிட்டது என்பார்கள்.

3

நான் மழைக்கு ஒதுங்கிய கூட்டம், அவர் போய் இரண்டு மாதம் கழித்து நடந்தது. ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபித்தார்கள். மௌரீன் முறை வந்தது. நாட்டுக்காக, நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக மளமளவென்று ஜெபித்துக்கொண்டே போனவள், அதே வேகத்தில் சொன்னாள்: "என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தியை இரட்சியும் ஆண்டவரே. இந்த வருஷமாவது அவரை உள்ள..."

நின்றுவிட்டாள்.

நாக்கு பழக்கதோஷத்தில் ஓடிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தை நடத்துகிற சாந்தகுமாரி அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டாள், அதுவும் தப்பான சுருதியில்.

மௌரீனுக்கு முதலில் வந்தது வெட்கம். அப்புறம் வந்தது பயம். அவர் கையால் பிரியாணி வாங்கிச் சாப்பிட்ட பெண்கள்தான் அங்கே இருந்தவர்கள். அவர் எங்கே போயிருக்கிறார் என்று அத்தனை பேரும் முடிவுகட்டியிருந்தது அந்த அவசரப் பாட்டில் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

4

மறுநாள் பாஸ்டர் டென்சில் வீட்டுக்கு வந்தார். சாந்தகுமாரி சொல்லியிருப்பாள். (பாஸ்டரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் ஆஸ்பத்திரி, சாவு வீடு என்று மூன்று நாளாகத் தூங்காத மனுஷர் அவர்.)

"பாஸ்டர், ஒன்னு கேக்கறேன், நேராச் சொல்லுங்க. அவரு இப்ப எங்க இருக்காரு?"

பாஸ்டர் டீயைப் பார்த்தார். "அது ஆண்டவருக்குத்தான் தெரியும் சிஸ்டர்."

"பிரசங்கத்துல மட்டும் உங்களுக்குத் தெரியுதே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கடைசி நிமிஷத்துல மனசுக்குள்ள இயேசப்பாவக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றார்.

"அவரா? தண்ணி சூடா இல்லன்னு என்னத்தான் கூப்பிட்டிருப்பாரு."

இருவரும் பாதி சிரித்தார்கள். போகும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "இனிமே அவருக்காக ஜெபிக்காதீங்க சிஸ்டர். உங்க ஆறுதலுக்காக ஜெபிங்க."

பக்கத்து வீட்டு ஆஞ்சலா கத்தோலிக்கப் பெண். "பேஜார் பண்ணிக்காதீங்கக்கா. எங்க கோயில்ல ஒரு பூசைக்கு எழுதிக் குடுக்கறேன். செத்தவங்களுக்கு நாங்க வேண்டுவோமே."

"அவரு ஞானஸ்நானமே வாங்கலியே ஆஞ்சலா."

"அது வந்து..." ஆஞ்சலா யோசித்தாள். "சாமியார்கிட்ட அத நான் சொல்ல மாட்டேன்க்கா."

(அடிக்குறிப்பு போல ஒன்று. இந்தக் கதைக்காக நானும் படித்துப் பார்த்தேன். தண்டனைக்கு முடிவே இல்லை என்கிறார்கள் சிலர். ஒருநாள் எல்லாம் எரிந்து முடிந்துவிடும் என்கிறார்கள் சிலர். கடைசியில் எல்லோருமே உள்ளே வந்துவிடுவார்கள் என்றும் சிலர். கண்தான் வலித்தது. சர்ச் வாசலில் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு என்ன ஆகும் என்று எதிலும் இல்லை.)

அன்று மாலை மௌரீன் தனியாக உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தாள். அவர் பெயரை எடுத்துவிட்டால் சொல்வதற்கு எதுவுமே மிச்சமில்லை. அவர் அங்கே இருக்கும்போது நான் பரலோகத்தில் போய்ப் பாடிக்கொண்டிருக்க வேண்டுமா என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே பயமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது.

5

முடிவு ஒன்று: கணேசமூர்த்தி வெள்ளை உடையில் கனவில் வந்து...

சரிப்படாது. கனவில் வருகிறவர்கள் எழுதுகிறவனுக்குச் சௌகரியமானதைத்தான் சொல்வார்கள்.

முடிவு இரண்டு: மௌரீன் சபையை விட்டு வெளியேறுகிறாள். மாட்டாள். அவளுக்குத் தெரிந்த பாட்டும் சிநேகிதமும் அழுகையும் அங்கேதான்.

முடிவு மூன்று: அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபம் மௌரீன் வீட்டில். டீயும் பிளம் கேக்கும் தயார். சாந்தகுமாரி அவள் காதருகே வந்து, "இன்னிக்கி நாட்டுக்காக மட்டும் ஜெபிச்சிடு மௌரீன், போதும்" என்கிறாள். மௌரீன் தலையாட்டுகிறாள். நாட்டுக்காக ஜெபிக்கிறாள். சாந்தகுமாரியின் முழங்கால் வலிக்காகவும் ஜெபிக்கிறாள். பிறகு கண்ணைத் திறந்து, கண் மூடியிருக்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறாள். இந்தத் தடவை அவள் நாக்கு தவறவில்லை.

"ஆண்டவரே, என் வீட்டுக்காரர் கணேசமூர்த்தியை இரட்சியும். லேட்டாயிடுச்சுன்னு சொல்றாங்க. உமக்கு ஏதுப்பா லேட்டு? நான் ரொம்பக் களைச்சுட்டேன். ஆனா நிறுத்த மாட்டேன்."

அவ்வளவுதான். இப்போது மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அது எல்லோருடைய ஜெபமும் ஆகும். யாரும் சொல்லவில்லை. சாந்தகுமாரி பாட்டையும் எடுக்கவில்லை.

சாந்தகுமாரியைச் சொல்லவைக்க எனக்கு ஒரு வரி போதும். என் மனைவியையும் சொல்லவைக்கலாம். ஆனால் அது நான் எழுதிக்கொடுத்த ஆமென். மௌரீனுக்கு அது உதவாது.

இந்த முழு நேரமும் நீங்களும் இந்த அறையில்தான் இருக்கிறீர்கள். அவள் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. நரகத்தைப் பற்றி உங்கள் கருத்தை அவள் கேட்கவில்லை. அவள் கண்ணைத் திறந்துகொண்டு, உங்கள் முகத்தைப் பார்த்தபடி காத்திருக்கிறாள்.