கையோடு தோற்ற மீகாமன்

குன்றெல்லாம் கிராம்பு மரங்கள் போர்த்து நிற்க, பறித்த மொட்டுகள் முற்றந்தோறும் பாய்களிற் பரந்து வெயிலிற் கருத்து வர, அவற்றின் காரமணம் கடற்காற்றோடு கைகோத்துத் தெருவெல்லாம் உலவும் பிற்பகற்பொழுதில், பெம்பாத் தீவின் மேற்குக்கரைச் சிற்றூரொன்றில், முதுமாவின் நிழலில் ஆடவர் திரண்டிருந்தனர். நடுவே கிடந்தது பாவோப் பலகை. பல்லாங்குழியின் மூத்த உடன்பிறப்பு அது; குழிகள் நான்கு வரிசை, காய்கள் கழற்சிக்காய்கள்.

பலகையின் ஒருபுறம் படகு செலுத்தும் மீகாமன் மக்காமே வீற்றிருந்தான். எடுத்த காய் எங்கே சென்று முடியும், எதைக் கவரும், கவர்ந்தது எங்கே வீழும் என்பதை இமைக்குமுன் கண்டுவிடும் கூர்மை அவனுடையது. அக்கூர்மைக்கு ஊரே தலைவணங்கிற்று. அவனோ தோற்றவரை நாவினாலும் அறுத்தான்.

அவ்வாறு அறுபட்டவருள் ஒருவன் படகுத்தச்சன் கோம்போ. மரத்தைத் தடவிப் பார்த்தே அது எங்கே வளையும், எந்த அலையைத் தாங்கும் என்றறிந்த அவன், காய்களை எண்ணுவதில் மட்டும் நத்தை. கையிலுள்ள காய்களை இட்டு முடிக்குமுன்னே முன்வரிசை வெறுமையாகித் தோற்பதைக் 'கையோடு தோற்றல்' என்பர்; அதனினும் பெரிய இழிவு அவ்வாட்டத்தில் இல்லை. கோம்போ அங்ஙனம் தோற்றபோது மக்காமே கைகொட்டி நகைத்தான்.

"கோம்போ, உன் தோள்மேல இருக்கிறது தலையா, தண்ணி வத்தின தேங்காயா? யாராவது உடைச்சுப் பாருங்கப்பா!"

ஊர் சிரித்தது. வீடு சென்ற கோம்போ பின்பு உளியைத் தொடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மாண்டான். அவன் செய்தவற்றுள் தலைசிறந்த படகிலேறி மக்காமே நாள்தோறும் கடல் கடந்தான்.

அந்தச் சிரிப்பை மரத்தின் மறுபுறம் பேய்க்கணவாய் சுட்டுக்கொண்டிருந்த கோம்போவின் மகள் சுபீரா கேட்டிருந்தாள். அன்றுதொட்டு அவள் கண்கள் ஆட்டத்தை விட்டு அகலவில்லை. ஆயினும் காய்களை அவள் பயிலவில்லை, மக்காமேயைப் பயின்றாள். முன்வரிசையில் 'வீடு' எனும் பெருங்குழி ஒன்றுண்டு. கடைசிக் காய் அதில் விழுந்தால், திரண்டதைக் கலைத்துப் பரப்பலாம், கலைக்காது நிறுத்தலுமாம். புகழ்ச்சி கேட்டபொழுதெல்லாம் மக்காமே கலைக்க மறுப்பதை அவள் கண்டாள். கண்டதைத் தணற்போல் நெஞ்சின் சாம்பலுள் மூடிவைத்தாள்.

இன்று அத்தணல் எழுந்தது.

"பக்காரி அண்ணே, எந்திரிங்க. மாமாவோட நான் ஆடணும்" என்றாள், மக்காமேயின் எதிரே ஆடிக்கொண்டிருந்தவனிடம்.

பெண்ணொருத்தி அப்பலகை முன் அமர்ந்ததை எவரும் கண்டதில்லை.

"பேய்க்கணவாய் தீயுது பொண்ணே, போய்த் திருப்பிப் போடு" என்றான் மக்காமே.

"அதுக்கு எட்டுக் கால் இருக்கு, தானே திரும்பிக்கும். பயமா மாமா?"

"எனக்கா? சரி, தோத்தா என்ன செய்வே?"

"எங்கப்பா தலை தண்ணி வத்தின தேங்காதான்னு இங்கேயே நின்னு சொல்றேன். நீங்க தோத்தா, அவர் செஞ்ச படகுல இனிமே கால் வைக்கக் கூடாது."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று நகைத்து ஒப்பினான் அவன்.

ஆட்டம் தொடங்கிற்று. சுபீரா பேதைபோல் காய்களை இழந்தாள். இழந்தவை மக்காமேயின் வீட்டிற் சென்று குவிந்தன.

"மாமா வீட்டைப் பாருங்க! ஊருக்கே விருந்து வைக்கலாம் போலிருக்கே!" என்றாள் சுபீரா.

"உங்கப்பன் கட்டாத வீடும்மா. அதான் ஒழுகல!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அச்சிரிப்பினூடே அவனுடைய முன்வரிசையின் பிற குழிகள் ஒவ்வொன்றாக வறண்டன. முதலில் உணர்ந்தவன் பக்காரி.

"மீகாமரே, வீட்டைக் கலைச்சிருங்க."

"நான் சேர்த்ததை நான் எதுக்குய்யா கலைக்கணும்?"

சுபீரா கையிலிருந்து ஒரு காயை எடுத்தாள்; அவன் வீட்டுக்கு நேரெதிரே தன் குழியில் மெல்ல இட்டாள். எதிர்க்குழியின் செல்வம் முழுதும் ஆட்டமுறைப்படி அவளுடையதாயிற்று. மக்காமேயின் முன்வரிசையில் ஒரு காயும் இல்லை. இடப்படாத காய்களோ அவன் முட்டிக்குள் வியர்த்துக்கிடந்தன.

"கையோடு!" என்று எவனோ கூவினான்.

"உங்களுக்குக் காயைத் தெரியும் மாமா. எனக்கு உங்களைத் தெரியும்" என்றாள் சுபீரா. "தேங்காயை உடைச்சுப் பார்த்தாச்சு. தண்ணி இருந்துச்சா?"

இம்முறை ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவள் அதனைத் தேனென உண்டாள்.

மக்காமே சொல் தவறவில்லை. படகைக் கரையேற்றிவிட்டு, பிறர் படகில் கூலியாளாய்ச் சென்றான். சூளுக்கு அஞ்சி அப்படகை வேறெவரும் தீண்டவில்லை. திங்கள் சில கழிய, ஒருநாள் சுபீரா அதனருகே சென்றாள். நீர் காணாத பலகைகள் வெயிலிற் சுருங்கி, பொருத்துவாய் பிளந்து, அடைத்த பஞ்சு உதிர்ந்து கிடந்தது. பிளவொன்றில் அவள் விரல் நுழைந்தது. தந்தையின் உள்ளங்கைபோல் வளைந்த அடிப்பகுதி மட்டும் இன்னும் வடிவு குலையாதிருந்தது.

அவ்வழி வந்த மக்காமே தயங்கி நின்றான்.

"மரம் செத்துக்கிட்டிருக்கு பொண்ணே. தண்ணியில இறக்கு. நான் ஏற மாட்டேன், நீயாவது ஏறு."

அவள் அவனை நோக்கவில்லை. "இப்ப இறக்கினா மிதக்குமா மாமா?"

அதற்கு விடை கூற வல்லவன் ஒருவனே இருந்தான். அவன் மண்ணுள் உறங்கினான். காயறிந்தோன் ஒருவன், ஆளறிந்தோள் ஒருத்தி, இருவரும் நின்றனர் அங்கே, மரமறிந்தோன் இல்லை. பழி தீர்ந்தது, அதன் விலையாய்ப் படகு மணலிற் கிடந்தது. கடலோ பத்தடி தொலைவில் வந்து வந்து மீண்டது.